பிரேக் ஹோஸுக்குச் சந்தனப் பொட்டு

அந்த வருட ஆயுத பூஜை அன்று காலை, தில்லி துவாரகாவில் எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் என் கார் மூன்று சக்கரங்களோடு நின்றுகொண்டிருந்தது. நான்காவது சக்கரத்தை நானே கழற்றி, பக்கத்துத் தூணில் சாய்த்து வைத்திருந்தேன்.

பஞ்சர் எதுவும் இல்லை. சக்கரத்துக்குப் பின்னால் ஒளிந்துகிடக்கும் ஒரு முழ நீளச் சாமான் நாலு பேர் கண்ணில் படவேண்டும் என்பதற்காகக் கழற்றினேன். அதன் பெயர் பிரேக் ஹோஸ். நாம் பிரேக்கை மிதித்ததும் அந்த அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற குழாய். எல்லாக் கார்களிலும் கறுப்பு ரப்பரில் இருக்கும். என்னுடையது எஃகுக் கம்பியால் பின்னியது, புதுசு, வெள்ளிக் கொலுசு மாதிரி மின்னும்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதற்குச் சந்தனம் வைத்தேன். சந்தனத்தின் மேல் குங்குமம் வைக்கும்போது விரலில் சுருக்கென்று ஏதோ குத்தியது. ஒரு துளி ரத்தம் வந்து குங்குமத்தோடு குங்குமமாகப் போய்விட்டது. புது உலோகம், அப்படித்தான் இருக்கும் என்று விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.

சூடம் ஏற்றியதும் கேட்டிலிருந்து காவலாளி ஓடி வந்தார். "சாப், பெட்ரோல் காடி! ஆக் மத் லகாயியே!" என்று பதறினார். என் மனைவி கோமதி, "பையா, தோ மினிட். பகவான் கா காம் ஹே" என்று அவரிடம் ஒரு தட்டுச் சுண்டலை நீட்டினாள். சுண்டல் வந்ததும் நெருப்பு பயம் போய்விட்டது.

சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றார்கள். எனக்கு வேண்டியது ஒரே ஒரு ஆள்தான். எதிர் பிளாக் முரளி. அவனுக்கு முதல் நாளே போன் செய்து, "காலைல பூஜைக்குக் கட்டாயம் வந்துரணும் தம்பி" என்று சொல்லியிருந்தேன்.

வந்தான். கும்பிட்டான். குனிந்து ஹோஸைப் பார்த்தான். அவன் முகம் சுருங்குவதைப் பார்க்கத்தான் நான் காத்திருந்தேன். சுருங்கியது. எனக்கு வயிறு குளிர்ந்தது.

"சங்கரண்ணா, அந்த டார்ச்சக் கொஞ்சம் குடுங்ணா" என்றான்.

அப்புறம் என்ன ஆயிற்று என்பதைச் சொல்வதற்கு முன்னால் முரளி யார், அவன் முகம் சுருங்குவதில் எனக்கு ஏன் அத்தனை ஆசை என்பதைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் எழுதியதைப் படித்த ஒருவர், "உங்கள் தொடரில் நீங்கள் எப்போதும் நல்லவராகவே வருகிறீர்களே" என்று கேட்டிருந்தார். இந்த வாரம் அவருக்காக.

அதே கார், அதே நிறம்

முரளிக்குப் பொள்ளாச்சிப் பக்கம். என்னைவிடப் பத்து வயது சின்னவன். ஜனக்புரியில் ஒரு வங்கிக் கிளையில் வேலை. கொரோனாவெல்லாம் ஓய்ந்த பிறகு எங்கள் குடியிருப்புக்குக் குடிவந்தான். நாங்கள் திருநெல்வேலிக்காரர்கள். நான் மத்திய அரசு அலுவலகத்தில் முப்பது வருடமாகக் கோப்பு புரட்டுகிறவன். கோமதி ஜனக்புரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

முரளி வைத்திருப்பதும் என்னுடையதைப் போன்ற சின்னக் கார்தான். அதே மாடல், அதே சாம்பல் நிறம். என்னுடையதைவிட ஒரு வருடம் பழையது.

தில்லியில் பெரிய காருக்குப் பஞ்சமே இல்லை. எங்கள் பிளாக்கிலேயே கப்பல் மாதிரி இரண்டு நிற்கின்றன. அவற்றின் சொந்தக்காரர்கள்மேல் எனக்குப் பொறாமை வந்ததே கிடையாது. அவர்கள் வேறு உலகம். என்னிடம் இருக்கும் அதே சாமானை வைத்துக்கொண்டு என்னைவிட நன்றாக இருக்கிறான் பாருங்கள், அவனைத்தான் எனக்குப் பொறுக்காது.

இந்தக் குணம் எனக்கு முனிர்காவிலேயே வந்துவிட்டது. வேலை தேடித் தில்லிக்கு வந்த காலத்தில் அங்கே ஒரு மாடி அறையில் நானும் தேனிக்காரன் ஒருவனும் இருந்தோம். ஒரே ஸ்டவ், ஒரே துவரம்பருப்பு, ஒரே புளி. முறை வைத்துச் சமைப்போம். அவன் முறை வரும் நாளில் பக்கத்து அறைப் பையன்கள் டம்ளரோடு ரசத்துக்கு வந்து நிற்பார்கள். என் முறை அன்று ஒருவனும் எட்டிப் பார்க்கமாட்டான்.

அவன் குளிக்கப் போயிருந்த நேரத்தில் அவன் ரசத்தைக் கரண்டியில் எடுத்துச் சப்புக்கொட்டி ஆராய்ந்திருக்கிறேன். பெருங்காயம்தான் காரணம் என்று முடிவுகட்டி, அடுத்த நாள் என் ரசத்தில் இரண்டு மடங்கு போட்டேன். மூன்று நாளைக்கு அந்த அறைக்குள் யாராலும் உட்கார முடியவில்லை. தேனிக்காரன் ஜன்னலைத் திறந்து வைத்தான். அதற்கும் சேர்த்து எனக்குக் கோபம் வந்தது.

எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. தலை நரைத்துவிட்டது. பெருங்காயப் புத்தி மட்டும் நரைக்கவில்லை.

கால்மிதியில் ஒரு குழி

கோமதிக்கு ஒரு பழக்கம் உண்டு. நான் கார் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவளும் பிரேக் போடுவாள். அவள் பக்கம் பிரேக் கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் முன்னால் ஒரு பஸ் நின்றால், ஒரு ஆட்டோ குறுக்கே வந்தால், அவள் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். கட்டைவிரல் செருப்புக்குள் வளையும். "ஸ்ஸ்" என்று பல்லிடுக்கில் ஒரு சத்தம் வரும்.

கல்யாணமான புதிதில் இது எனக்கு வேடிக்கையாக இருந்தது. "ஏட்டி, நீ ஓட்டுதியா நான் ஓட்டுதேனா?" என்று கேலி செய்வேன். நாளாக ஆக நான் அதைக் கவனிப்பதையே விட்டுவிட்டேன். அவள் பக்கத்துக் கால்மிதியில் குதிகால் படும் இடத்தில் ரப்பர் தேய்ந்து குழி விழுந்திருந்தது. மட்டமான ரப்பர் என்று நினைத்திருந்தேன்.

ஒரு நாள் என் கதவில் ஒரு இ-ரிக்‌ஷா உரசிவிட்டது. கதவைச் சரிசெய்து பெயிண்ட் அடிக்கக் கார் ஒரு வாரம் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. நான் மெட்ரோவில் போய்க்கொண்டேன். முரளியின் வங்கி கோமதியின் பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி. "அக்கா எதுக்குங்ணா மெட்ரோல கூட்டத்துல சிரமப்படணும்? நான் இறக்கி விட்டுர்றேன்" என்றான். சரி என்றேன்.

வியாழக்கிழமை எனக்கு ஜனக்புரியில் பல் டாக்டரிடம் வேலை இருந்தது. நானும் அந்தக் காரில் ஏறிக்கொண்டேன். கோமதிக்குப் பின்சீட்டு தலை சுற்றும் என்பதால் அவள் முன்னால், நான் பின்னால்.

நாலைந்து சிக்னல் தாண்டியிருப்போம். இரண்டு சீட்டுக்கும் நடுவே குனிந்து ஏதோ கேட்கப்போனவன் அப்படியே நின்றுவிட்டேன்.

கோமதி செருப்பைக் கழற்றிக் கீழே விட்டுவிட்டு, இரண்டு காலையும் மடக்கி, சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டில் டிவி பார்க்கும்போது உட்காருவாளே, அப்படி. மடியில் விடைத்தாள் கட்டு. சிவப்புப் பேனாவால் திருத்திக்கொண்டு வந்தாள். ஓடுகிற காரில். தில்லி ரோட்டில். ஒரு தடவைகூட நிமிர்ந்து ரோட்டைப் பார்க்கவில்லை.

என் காரில் அவள் இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட அப்படி உட்கார்ந்ததில்லை.

தப்பாக நினைத்துவிடாதீர்கள். எனக்குக் கோமதிமேலும் சந்தேகம் இல்லை, முரளிமேலும் இல்லை. அவன் அவளை வாய்நிறைய அக்கா என்கிறவன். ஆனால் அந்த மடக்கிய கால்களைப் பார்த்ததும் என் வயிற்றில் எரிந்தது பாருங்கள், பல் வலி எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. டாக்டர் எந்தப் பல் என்று கேட்டபோது நான் யோசிக்க வேண்டியிருந்தது.

"மிதிச்ச உடனே புடிக்குதுங்ணா"

இறங்கும்போது முரளியிடம் சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன். "பிரேக்கெல்லாம் நல்லா இருக்கே தம்பி. என்ன போட்டிருக்க?"

"போன வருஷம் ஹோஸ மாத்துனனுங்ணா. ஸ்டீல் பின்னுனது. என்ர மச்சான் கோயம்புத்தூர்ல ரேஸ் காருக்கு வேலை பாக்கறவன். இங்க வந்தப்ப அவனே அளவெடுத்துட்டுப் போயி, செஞ்சு கொண்டாந்து மாட்டிவிட்டான். மிதிச்ச உடனே புடிக்குதுங்ணா."

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. கோமதியின் கால் மடங்கியதற்குக் காரணம் ஹோஸ். மறுபடியும் பெருங்காயம்தான், ஆனால் அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சலீம் பாயிடம் போனேன். எங்கள் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் மெக்கானிக். இவர் கையில்தான் என் கார் வளர்ந்தது. ஸ்டீல் ஹோஸ் வேண்டும் என்றதும் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, "க்யோன் அங்கிள், ரேஸ் லகானி ஹே?" என்று சிரித்தார்.

பிறகு பொறுமையாகச் சொன்னார். பிரேக்கை அழுத்தும்போது ரப்பர் ஹோஸ் ஒரு இம்மி உப்பும். ஸ்டீல் பின்னியது உப்பாது. அதனால் காலுக்கு அடியில் பெடல் கொஞ்சம் கெட்டியாக இருப்பதுபோலத் தெரியும். மலைப்பாதையில் பந்தயம் ஓட்டுகிறவனுக்கு அது பெரிய விஷயம். துவாரகாவிலிருந்து ஜனக்புரிக்கு ஒவ்வொரு சிக்னலாக நின்று நின்று போகிறவருக்கு எதற்கு? வண்டி எத்தனை அடியில் நிற்கும் என்பதை டயரும் ரோடும் முடிவு செய்யும். ஓட்டுகிறவர் எப்போது மிதிக்கிறார் என்பது அதைவிட முக்கியம்.

பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைக் காட்டினார். டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. "இதை நீங்கள் மாற்றி எத்தனை வருடம் ஆயிற்று? இது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். இதை மாற்றுவோம். ரப்பர் ஹோஸும் வெடிப்பு விடத் தொடங்கியிருக்கிறது, கம்பெனி ஹோஸே புதிதாகப் போட்டுவிடுவோம். போதும்" என்றார்.

நல்ல யோசனைதான். ஆனால் முரளியிடம் ஸ்டீல் இருக்கும்போது நான் புது ரப்பர் போட்டுக்கொண்டு வந்து நிற்பதா? "சோச்கே பதாவூங்கா" என்று, யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சலீம் பாய்க்கு என்மேல் அக்கறை இல்லை, வேலை செய்யச் சோம்பல் என்று வழியெல்லாம் மனசுக்குள் திட்டினேன். பாவம் மனிதர்.

கார் அலங்காரச் சாமான்கள் விற்கும் சந்து ஒன்று ஊருக்குள் இருக்கிறது. அங்கே ஒரு கடையில் எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று ஒரு ஸ்டீல் ஹோஸைக் காட்டினார்கள். அளவெடுக்கவில்லை. "பிட் ஹோ ஜாயேகா சார், டென்ஷன் மத் லோ" என்றான் கடைக்காரன். கொஞ்சம் நீளமாகத்தான் இருந்தது. மிச்சத்தை வளைத்து ஒரு பிளாஸ்டிக் பட்டையால் கட்டிவிட்டான். ஜல்தி ஜல்தி என்று நானே வேறு அவனை விரட்டினேன். பள்ளி விடுவதற்குள் போய்க் கோமதியைப் புதுப் பிரேக்கில் ஏற்றிக்கொள்ள வேண்டுமே.

"எப்படி இருக்கு?"

பெடல் உண்மையிலேயே கெட்டியாக இருந்தது. அது புது ஆயிலின் வேலை என்று பின்னால் சலீம் பாய் சொன்னார். ஹோஸ் மாற்றினால் ஆயிலையும் மாற்றித்தானே ஆகவேண்டும். அன்றைக்கு எனக்கு எல்லாப் புகழும் ஸ்டீலுக்கே.

கோமதி ஏறினாள். பெல்ட் போட்டுக்கொண்டாள். நான் கிளம்பினேன். என் பிரேக்கின் பெருமை அவளுக்குத் தெரியவேண்டும் என்றால் பிரேக் போட வேண்டும். பிரேக் போட வேண்டும் என்றால் வேகமாகப் போகவேண்டும். முன்னால் போன டெம்போவின் பின்கதவில் எழுதியிருப்பதைக் கண்ணாடி போடாமல் வாசிக்கும் தூரத்துக்குப் போய், டக்கென்று மிதித்தேன். வண்டி நின்றது.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"எது?"

"பிரேக்கு."

"இருக்கு" என்றாள். அவள் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. ஒரு கை மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்திருந்தது. முன்பெல்லாம் கைப்பிடியைப் பிடிக்கமாட்டாள். அது புதுசு.

பழக வேண்டும், அதற்கு நாள் ஆகும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஒரு மாதம் ஆயிற்று. இதற்கு நடுவே முரளி கண்ணில் படும்போதெல்லாம் நானும் ஸ்டீல் போட்டுவிட்டேன் என்று சொல்ல நாக்கு துடிக்கும். ஆனால் வெறும் வாயால் சொன்னால் மதிப்பில்லை. கண்ணால் பார்க்க வைக்கவேண்டும். ஹோஸோ சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிறது. அப்போதுதான் ஆயுத பூஜை வந்தது.

கருவிக்குத்தானே பூஜை? ஸ்டீயரிங்குக்குப் பொட்டு வைக்கிறோம், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கிறோம். உயிரைக் காப்பாற்றுகிற பிரேக்குக்கு ஒரு பொட்டு கிடையாதா? சாஸ்திரமே என் பக்கம் இருப்பதாகத் தோன்றியது. சக்கரத்தைக் கழற்றிவிட்டேன்.

டார்ச் வெளிச்சத்தில்

முரளி டார்ச்சை வாங்கிக்கொண்டு தரையில் ஒரு முட்டியை ஊன்றினான். வெள்ளைச் சட்டையும் பட்டுக்கரை வேட்டியுமாக வந்திருந்தான். அழுக்காகுமே என்று அவன் பார்க்கவில்லை. நான் வைத்த சந்தனப் பொட்டைக் கட்டைவிரலால் துடைத்தான்.

எனக்குச் சுரீரென்றது. "ஏன் தம்பி அதைத் துடைக்கே?"

"ஒரு நிமிஷம் இருங்ணா."

பொட்டுக்கு அடியில் எஃகுப் பின்னல் பிய்ந்திருந்தது. இரண்டு விரல் அகலத்துக்குக் கம்பி இழைகள் அறுந்து, குச்சம் குச்சமாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. உள்ளே வெள்ளையாகக் குழாய் தெரிந்தது. என் விரலைக் குத்தியது அந்த இழைதான்.

முரளி எழுந்து தூணில் சாய்த்திருந்த சக்கரத்திடம் போனான். அதைத் திருப்பி உள்பக்கத்தைக் காட்டினான். டயரின் உள்சுவரில் சுற்றிவரப் பளபளவென்று ஒரு கோடு. ஸ்டீயரிங்கை முழுசாகத் திருப்பும்போதெல்லாம், நீளமாக விட்டிருந்த ஹோஸ் டயரில் போய் உரசியிருக்கிறது. ஒரு மாதமாக. ஒவ்வொரு பார்க்கிங்கிலும், ஒவ்வொரு யூ-டர்னிலும்.

"இந்த வண்டிய எடுக்காதீங்ணா" என்றான் மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்காதபடி.

அடுத்த நாள் விடியலில் நாங்கள் ஜெய்ப்பூருக்குக் கிளம்புவதாக இருந்தோம். எங்கள் மகள் அங்கே வேலை பார்க்கிறாள். நெடுஞ்சாலையில் நாலைந்து மணி நேரம்.

கோமதி குனிந்து அந்தக் குச்சத்தைத் தொட்டுப் பார்த்தாள். "இது நாளைக்கு ரோட்டுல அறுந்திருந்தா, தம்பி?"

முரளி என்னைப் பார்த்தான். எனக்காகத் தயங்கினான். "ஒரேயடியா போயிராதுங்க்கா, பாதி பிரேக் இருக்கும். ஆனா பெடல் பாதாளத்துக்குப் போயிரும்" என்றான்.

அந்த இடத்தில் எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? நன்றி. பயம். கோமதியை நினைத்து நடுக்கம். எல்லாம் வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் வந்தது பொறாமைதான். இதையும் அவனேதான் கண்டுபிடிக்க வேண்டுமா? என் பொட்டைத் துடைத்து, என் பெண்டாட்டி முன்னால், அதுவும் என் மானத்தைக் காப்பாற்ற அடங்கிய குரலில்?

"உங்களுக்கு எதுக்கு இந்த வேலை? நல்லாத்தான இருந்துச்சு பழசு?" என்றாள் கோமதி.

கையில் கற்பூரத் தட்டோடு நின்றேன். ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். வாயில் வந்தது உண்மை.

"அவன் வண்டியில நீ சம்மணம் போட்டு உக்காந்திருந்த."

கோமதிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவள் சிரிக்கவில்லை. முரளி டார்ச்சை அணைத்துவிட்டுச் சுண்டல் தட்டைப் பார்த்தான். பிறகு தன் கார்ச் சாவியை எடுத்து என் கற்பூரத் தட்டில் வைத்தான்.

"நாங்க லீவுக்கு எங்கயும் போகலீங்ணா. எங்க வண்டிய எடுத்துட்டுப் போங்க. பாப்பா காத்துட்டிருக்கும்."

பெரிய மனசு வேறு.

ஜெய்ப்பூர் ரோட்டில் ஒரு பரிசோதனை

போனோம். வேறு வழியில்லை. முரளியின் சாம்பல் நிறக் கார். முரளியின் மச்சான் அளவெடுத்துச் செய்த ஹோஸ். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் நான்.

பெடல் அருமையாக இருந்தது. என்னுடையதைவிடக் கொஞ்சம் கெட்டி, அவ்வளவுதான். சலீம் பாய் சொன்ன அதே ஒரு இம்மி.

குருகிராம் தாண்டுவதற்குள் பக்கத்தில் "ஸ்ஸ்" என்று சத்தம் கேட்டது.

ஓரக்கண்ணால் பார்த்தேன். கோமதியின் வலது கால் முரளியின் கால்மிதியை அழுத்திக்கொண்டிருந்தது. விடைத்தாள் திருத்தியபடி அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த அதே சீட். முன்னால் போன வெள்ளைக் காரை விட்டேனா பார் என்று நான் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன். ஏன் என்று கேட்டால் அது என்னை ஓவர்டேக் செய்துவிட்டது. வேறு காரணம் இல்லை.

ஒரு லாரி விளக்கைப் போட்டது. "ஸ்ஸ்." இன்னொரு கார் குறுக்கே நுழைந்தது. "ஸ்ஸ்." கட்டைவிரல் வளைந்தது. ஜெய்ப்பூர் வரைக்கும் எண்ணிக்கொண்டு போனேன். பாதி வழியில் எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

டீக்கு நிறுத்தியபோது கேட்டேன். "அவன் ஓட்டும்போது மட்டும் ஏன் உன் காலு சும்மா இருக்கு?"

கோமதி மண்குவளையை இரண்டு கையாலும் பிடித்து ஊதினாள். "அந்தத் தம்பி முன்னால எவன் நுழைஞ்சாலும் போய்ட்டு வான்னு விட்டுருதாரு. நீங்க விடமாட்டிய. உங்களுக்கு முன்னால ஒரு ஆளு போகக்கூடாது" என்றாள். கோபமில்லாமல், மாணவனுக்குக் கணக்கில் எந்த வரியில் தப்பு என்று காட்டுவதுபோலச் சொன்னாள்.

எனக்கு முன்னால் ஒரு ஆள் போகக்கூடாது. முனிர்காவில் ரசத்தில், அலுவலகத்தில் பிரமோஷனில், துவாரகாவில் ஹோஸில். ரோட்டில் மட்டும் அது வேறு மாதிரியாகவா இருக்கும்?

டீ ஆறிப்போயிருந்தது. குடித்தேன்.

ஆகவே, போடலாமா வேண்டாமா?

கார் வைத்திருக்கும் வாசகர்கள் இதற்குள் பொறுமை இழந்திருப்பார்கள். தினமும் ஆபீஸ் போகிற காருக்கு ஸ்டீல் ஹோஸ் தேவையா? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். தேவையில்லை. ரப்பர் வெடித்திருந்தால் அந்தக் காருக்கென்றே செய்த புது ரப்பர் போடுங்கள். பிரேக் ஆயிலைக் காலாகாலத்தில் மாற்றுங்கள். ஆசை விடவில்லையென்றால், அளவு சரியாக இருக்கிறதா, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பினால் எங்கேயாவது உரசுகிறதா என்று பார்க்கத் தெரிந்த ஆளிடம் போங்கள். பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்து மட்டும் போடாதீர்கள்.

திரும்பி வந்ததும் சலீம் பாய் என் காருக்கு ரப்பர் ஹோஸ் மாட்டினார். பிய்ந்த ஸ்டீல் ஹோஸைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டப்பாவில் போட்டார். அதில் குங்குமம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

முரளி இந்தத் தொடரை வாரம் தவறாமல் வாசிக்கிறான். தில்லியில் பிறந்த என் மகளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும், அவன் பிள்ளைகள் சரளமாக வாசிக்கின்றன. அதிலும் எனக்குப் பொறாமைதான். ஆகவே இதையும் வாசிப்பான். வாசிக்கட்டும். தம்பி, சாவி கொடுத்த அன்று நான் நன்றி சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. இப்போது சொல்லிவிட்டேன் என்று வைத்துக்கொள்.

பாலத்துக்குக் கீழே

குளிர் தொடங்கியிருந்த ஒரு காலை. கோமதியைப் பள்ளியில் விடப் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் போகிற காருக்கும் எனக்கும் நடுவே ஒரு கார் அளவு இடம் விட்டு ஓட்டுவது என்று தீர்மானம் செய்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. தில்லியில் இடம் விட்டு ஓட்டுவது என்றால் என்ன என்று இங்கே ஓட்டியவர்களுக்குத் தெரியும். அந்த இடத்தில் முதலில் ஒரு ஸ்கூட்டர் வரும். பிறகு ஒரு ஆட்டோ. மறுபடி இடம் விட்டால் பால் வேன்.

அன்றைக்கு நான் விட்ட இடத்தில் வந்து நுழைந்தது ஒரு சாம்பல் நிறக் கார். பின்கண்ணாடியில் கை ஒன்று உயர்ந்தது. முரளி. நன்றி சொல்லிக் கையைக் காட்டுகிறான்.

வயிறு எரிந்தது. அதில் மாற்றம் ஒன்றும் இல்லை. பின்னாலேயே போய் ஹாரன் அடித்து, பக்கத்து லேனில் ஏறி, அவன் முகத்துக்கு நேராகத் தாண்டிக்கொண்டு போகவேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். அவன் போனான். மெட்ரோ பாலத்துக்குக் கீழே சிக்னல் சிவப்பானது. அவன் பம்பருக்கு நல்ல தூரத்திலேயே என் வண்டி வந்து நின்றது.

பக்கத்தில் ஏதோ சரசரப்பு. திரும்பிப் பார்த்தேன்.

கோமதி விடைத்தாள் கட்டைப் பையிலிருந்து எடுத்திருந்தாள். இடது காலைச் செருப்பிலிருந்து உருவி, சீட்டின்மேல் மடக்கி வைத்துக்கொண்டு, அதன்மேல் தாள்களை வைத்தாள். சிவப்புப் பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றினாள்.

ஒரு கால்தான். வலது கால் இன்னும் கீழே, கால்மிதியில் அந்தக் குழிக்குள்ளேயே இருந்தது. அழுத்தவில்லை. ஆனால் இருந்தது.

முரளியின் காரில் இரண்டு கால். என் காரில் ஒன்று. அந்த ஒரு காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பச்சை விழுந்துட்டு" என்றாள் கோமதி, தாளிலிருந்து தலையைத் தூக்காமல். "ரோட்டப் பாருங்க."